ஊருக்கே உங்களைத் தேடுது

மருதங்குளத்துக்காரர்களுக்கு ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஆளுக்கொருவராக, முன்பின் பார்த்திராத மனிதர்களைத் தேட ஆரம்பித்தது. தேடுவது என்றால் தொலைந்த சாவியைத் தேடுவது இல்லை. தென்காசிப் பக்கத்தில் பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது என்பார்கள், புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டைத் தேடுது என்பார்கள், அந்த ஏக்கம்தான் அது. சோறு இறங்காமல் செய்து, வாசலையே பார்க்கவைத்து, பேர் சொல்லிப் பெருமூச்சு விடவைக்கிற ஏக்கம். மாவு மில் செல்லத்துரை ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு, "பென்னாகரத்துல செல்வராணின்னு ஒரு பிள்ள, மூணு நாளா ஆளையே காணலியே" என்றார். கோதுமை அரைக்க வந்திருந்த அம்மாள், "எனக்குத் திருவாரூர்ல இளங்கதிர்னு ஒரு பையன், சாப்பிட்டானோ என்னவோ" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் அரைகுறையாக நிற்கும் கோதுமையை நினைத்து, மெஷினை மறுபடி ஓட விட்டார்கள்.

அன்று மத்தியானம் ஊரில் எல்லா வீட்டிலும் தலைக்கு ஒரு ஆள் சோறு கூடுதலாக வெந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் தங்களுக்கு முன்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றார்கள். பஸ் ஸ்டாண்டில் வெளியூர் பஸ் வரும்போதெல்லாம் பத்து இருபது பேர் எழுந்துபோய் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு மட்டும் மூன்று பேரைத் தேடியது. அவர் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இது எதனால் வந்தது என்று அந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் உடனே தெரிந்தது. அவள் பெயர் ஆவுடைச்செல்வி. பழைய உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற 'பேசிப்பழகு' கம்பெனியில் அவளுக்கு வேலை. செல்போனில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் செயலி அது; தருமபுரியில் இருந்தும் திருவாரூரில் இருந்தும் யார் யாரோ அதில் சேர்வார்கள், ஒருநாள் இரண்டுநாள் திறந்து பார்ப்பார்கள், பிறகு காணாமல் போவார்கள். முன்னால் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்த ஆவுடைச்செல்வியை, அப்படிப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மெயில் எழுதுவதற்கென்றே முதலாளி திரவியம் வேலைக்கு எடுத்திருந்தார். 'அன்புள்ள பயனருக்கு' என்று எழுதினால் ஒருத்தரும் திறப்பதில்லை என்று அவர் குறைப்பட்டதால், பதிவு செய்யும்போது கொடுத்த வயதைப் பார்த்து அண்ணன் என்றும் அக்கா என்றும் தம்பி என்றும் தங்கச்சி என்றும் போட்டு எழுத ஆரம்பித்தவள் அவள்தான். மூன்று நாள் வராமல் இருந்தவர்களுக்குப் போகவேண்டிய மெயிலில், கம்பெனி பேரைப் போட்டால் கடை வாடை அடிக்கிறதே என்று யோசித்து, ஊர்ப் பேரைப் போட்டவளும் அவளேதான்.

"மூன்று நாளாக உங்களைக் காணோம். உங்கள் நினைப்பாகவே இருக்கிறோம். மருதங்குளத்தில் ஊருக்கே உங்களைத் தேடுது."

நிஜத்தில் அதை எழுதியபோது ஆவுடைச்செல்விக்கு யாரையும் தேடவில்லை. மேசையில் இருந்த வடை சூடாக இருக்கும்போதே முடித்துவிடவேண்டும் என்ற நினைப்புதான் இருந்தது. எண்ணாயிரத்துச் சொச்சம் பேருக்கு அந்த மெயில் புதன்கிழமை பத்தேகாலுக்குப் போனது, ஊரின் ஜனத்தொகையும் கிட்டத்தட்ட அதே எண்ணாயிரம்தான், யார் பங்கிட்டார்களோ தெரியாது, கைப்பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டுக் கச்சிதமாகப் பங்கிட்டிருந்தார்கள். அவள் பங்குக்கு வந்தவர் துறையூரில் சலூன் வைத்திருக்கும் ராஜமாணிக்கம், வயது ஐம்பத்திநாலு. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சங்கரலிங்கத்துக்கு வந்தவாசியில் ஒரு கம்பவுண்டரைத் தேடியது. மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் இரண்டு இலையைக் காலியாகப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஊர் ஆவுடைச்செல்வி வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர்கள் கோபமாக வரவில்லை, ஆனால் வருத்தமாக வந்தார்கள். ஆபீசில் யாரோ சொல்லக் கேட்டு, தலைமையாசிரியர் மெயிலைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"தாயி, நீ தேடுதுன்னா தேடுதுன்னு எழுது, உன் பாடு. ஊருக்கே தேடுதுன்னு போட்டிருக்கியே, எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் செல்லத்துரை.

ஆவுடைச்செல்விக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "எல்லா கம்பெனிலயும் அப்படித்தான் எழுதுவாங்க அண்ணாச்சி. யாரும் அதை நெசம்னு எடுத்துக்கிட மாட்டாங்க."

"நாங்க எடுத்துக்கிட்டாச்சே" என்றார் கோதுமை அம்மாள்.

சரி, எழுதியாகிவிட்டது, ஊர்ப் பேரும் போட்டாகிவிட்டது, இனி தேடவில்லை என்று சொன்னால் ஊருக்குத்தான் கெட்ட பேர் என்று அங்கேயே முடிவானது. அதற்குப் பிறகு அவரவர் தங்கள் ஏக்கத்தை அவரவர் வசதிக்கு வைத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இரண்டு வரிசை இலை கூடுதலாகப் போட்டார்கள். தபால் ஆபீசில் முகவரி தெரியாமலே கடிதம் எழுதிக்கொண்டுவந்து நீட்டினார்கள். சண்டைக்காரர்களாக இருந்த எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், தங்களுக்குத் தேடும் ஆட்கள் இருவரும் ஆரணிக்காரர்கள் என்று தெரிந்ததும், சம்பந்தி ஆனவர்களைப் போல ஒட்டிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் ஊருக்கு அது பிடித்துக்கூடப் போயிற்று; இத்தனை வருஷமாகத் தன்னை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த ஊர் அது.

ஆனால் ஒருவர் நினைத்தால் இன்னொருவருக்கு விக்கல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எண்ணாயிரம் பேர் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தால் எங்கெங்கோ எண்ணாயிரம் பேர் விடாமல் விக்குவார்கள். பென்னாகரத்திலும் திருவாரூரிலும் ஆரணியிலும் வந்தவாசியிலும் விக்கினார்கள். தண்ணீர் குடித்தார்கள், சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள், மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள், பெரிய டாக்டர்களிடம் போனார்கள். மருதங்குளம் மத்தியானத் தூக்கம் போடும் இரண்டு மணியில் இருந்து மூன்றரை வரை எல்லோருக்கும் ஒரேயடியாக நின்றது. ஊர் எழுந்து முகம் கழுவியதும் மறுபடி ஆரம்பித்தது. என்னென்னவோ செய்து பார்த்தவர்களுக்குக் கடைசியில், விக்கல் தொடங்கிய அன்று வந்த மெயில் நினைவுக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்தார்கள், செயலியைத் திறந்து பார்த்தார்கள், ஒரு பாடம் படித்தால் நிற்குமோ என்று படித்துப் பார்த்தார்கள்.

திரவியம் அதைத்தான் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு ஆபீசில் எல்லோர் வீட்டுக்கும் அவர் கையாலேயே பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அவருக்கே இராமநாதபுரத்தில் மேரி ஜோஸ்பின் என்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது, அடிக்கடி கண் கலங்கினார். ஆனால் கலங்கிய கண்ணோடேயே எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டி கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டே போகும் கோட்டையும் பார்த்து மலைத்துப்போனார். நூறு பேருக்கு அனுப்பினால் எட்டுப் பேர் திறந்தாலே பெரிது என்று இருந்த தொழிலில், தொண்ணூறு பேர் திறந்திருந்தார்கள்.

"டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமை பழைய ஆட்கள் எல்லாருக்கும் இதே மெயில் போகட்டும்" என்றார். "தொண்ணூறாயிரம் பேர் இருக்காங்க."

"சார், ஊர்ல எண்ணாயிரம் பேருதான். ஆளுக்குப் பதினோரு பேரைத் தேட ஆரம்பிச்சா யாரு சோறு பொங்குவா, யாரு கடை திறப்பா? வாசலையே பாத்துட்டு உக்காந்துருவாங்க சார்."

"அதெல்லாம் பழகிரும்."

"நான் பொய்தானே சார் எழுதுனேன்."

திரவியம் சிரித்தார். "எழுதுன அன்னைக்குப் பொய்யா இருந்திருக்கலாம் டீச்சர். இப்ப உண்மைதானே? எனக்குத் தேடுதா இல்லையா? உங்களுக்குத் தேடுதா இல்லையா? உள்ளதை உள்ளபடி எழுதுறதுல என்ன தப்பு?"

ஏதோ சரியில்லை என்று மட்டும் ஆவுடைச்செல்விக்கு மனசு அடித்துக்கொண்டது. கழுத்தில் உறுத்தும் ரவிக்கை நூலைப் போல அந்தக் கேள்வி நாலைந்து நாள் அவளோடேயே இருந்தது. மெயிலை எழுதித் தராவிட்டால் வேலை போகும், எழுதித் தந்தால் ஊர் போகும். வெள்ளிக்கிழமை வந்துகொண்டே இருந்தது.

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலை, மதுரை பஸ்ஸில் இருந்து துறையூர் ராஜமாணிக்கம் இறங்கினார். பழுப்பு நிறச் சட்டை, கையில் ஜவுளிக்கடைப் பை, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும் விக்கல். ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த ஆவுடைச்செல்வி அவரை எங்கேயும் பார்த்ததில்லை, ஆனாலும் தெருவின் இந்தக் கோடியில் இருந்தே, "அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். அவள் பக்கத்தில் வந்து நின்றதும் அவருக்கு விக்கல் நின்றது. எட்டு நாளுக்குப் பிறகு கிடைத்த மூச்சை அவர் கொஞ்சநேரம் சும்மா நின்று அனுபவித்தார்.

"நீங்கதானாங்க அது?" என்றார்.

"நான்தான் அண்ணே. வாங்க, வீட்டுக்கு வாங்க, முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு பேங்க் மேனேஜர் வருவார், வடக்கத்திக்காரர், உட்கார்ந்ததும் இங்கிலீஷில் ஏதோ சொல்வார், இவர் ஓகே சார் என்பார். அப்படி ஓகே சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜரின் மீசை போய்விட்டது. மேனேஜர் திட்டவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், அதுதான் ராஜமாணிக்கத்தைச் சுட்டது. அன்றைக்கே மகனிடம் சொல்லி இந்தச் செயலியைப் போட்டுக்கொண்டார்.

"உள்ள போனா ஆப்பிளு, எறும்புன்னு வந்துச்சுங்க. கீழ தேடிப் பார்த்தா, சலூன் சொற்கள்னு தனியா ஒண்ணு யாரோ போட்டு வெச்சிருந்தாங்க. மீசை, கிருதா, பொடுகு, கத்தரிக்காதே, எல்லாம் இருந்துச்சு. மீசைக்கு மூஸ்டாஷ். ஒரே நாள்ல படிச்சுட்டேங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மூஸ்டாஷ் நோ கட் சாருன்னு நானே முந்திக்கிட்டுச் சொன்னேன். மேனேஜரு கை குடுத்தாரு."

ஆவுடைச்செல்வி சாம்பார் கரண்டியோடு அப்படியே நின்றாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல், தெருமுனை சலூனில் ஒருமணிநேரம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அந்தச் சொற்களைத் தொகுத்து ஏற்றியவள் அவள்தான். அதை ஒருவர் படித்தார் என்று இன்றுதான் தெரிகிறது.

"அப்புறம் ஏண்ணே வராம போயிட்டிய?"

"வந்த வேலை முடிஞ்சிடுச்சுங்களே. கோவிச்சுக்கிட்டெல்லாம் போகலை. முடிஞ்சுது, போயிட்டேன்." அவர் இலையை மடக்கினார். "அதுக்கு மூணாம் நாளு உங்க மெயிலு வந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச விக்கலுங்க. கையில கத்தியை வெச்சுக்கிட்டு விக்குற நாவிதன் கிட்ட எவன் கழுத்தைக் குடுப்பான்? ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குக் கன்னத்துல கீறிட்டேன், கல்யாண போட்டோ முழுக்க பிளாஸ்திரி. முப்பது வருஷக் கடைங்க. இப்ப நாற்காலி காலியா கிடக்கு. உங்க அன்பை நான் குறை சொல்லலை தங்கச்சி. தயவு பண்ணி என்னை நினைக்கிறதை மட்டும் நிறுத்தணும்."

ஆவுடைச்செல்வி அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். "மெயிலுக்கு அடியில விலகுறதுக்கு ஒரு இடம் இருக்கே அண்ணே, அதை அமுக்கலையா?"

அவர் போனை எடுத்து நீட்டினார். அவள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். கம்பெனி முகவரிக்கும் கீழே, மழை நாளில் காயப்போட்ட வேட்டி நிறத்தில், கடுகளவில், 'அன்சப்ஸ்க்ரைப்' என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த நிறம் திரவியம் தேர்ந்தெடுத்தது, அந்த அளவும் அவர் சொன்னதுதான், போட்டது மட்டும் இவள் கை.

ராஜமாணிக்கம் அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். "இதுங்களா? இங்கிலீஷ் தெரியாததாலதாங்க உங்ககிட்ட வந்து சேர்ந்தேன். வெளிய போற வழியை இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கீங்களே!"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வியந்துதான் சொன்னார், அதனால்தான் அவளுக்கு அடி விழுந்தாற்போல இருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த இடத்தை அவரே அங்கே அமுக்கினார். 'நீங்கள் விலகிவிட்டீர்கள்' என்று வந்தது. அவள் அடுக்களைக்குப் போய் மோர் எடுத்துவருவதற்குள் மறுபடி விக்கினார். மெயில் நிற்பது வேறு, நினைப்பு நிற்பது வேறு என்று அதில் தெரிந்துபோயிற்று.

வழியனுப்பிவைத்தால் சரியாகும் என்று சங்கரலிங்கம் சொன்னான், நியாயமாகவும் பட்டது. ஆனால் மருதங்குளத்தில் விருந்தாளியை வழியனுப்புவது சாமானியக் காரியம் இல்லை. வீட்டுக்குள் ஒருதடவை, வாசலில் ஒருதடவை, தெருமுனையில் ஒருதடவை, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்லா என்று கேட்கவேண்டும். விருந்தாளி இல்லை இல்லை என்று சொல்லவேண்டும். பஸ் ஸ்டாண்டு வரை பையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடுங்கவேண்டும். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலோடு கூடவே நாலு எட்டு நடந்து, கட்டாயம் வரணும், என்று சொல்லிவிட்டு, பஸ் முக்கு திரும்பி மறைகிறவரை நிற்கவேண்டும். யாராக இருந்தாலும் அந்த ஊரில் 'போங்க' என்று சொல்லிப் பழக்கமில்லை. கடன்காரனைக்கூட வாங்க என்றுதான் அனுப்பிவைப்பார்கள்.

அவள் அத்தனையும் முறைப்படி செய்தாள். மத்தியான பஸ்ஸில் ராஜமாணிக்கம் ஏறினார், பஸ் முக்கு திரும்பியது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரைமணிநேரத்தில், அடுத்த ஊரிலேயே இறங்கி, விக்கிக்கொண்டே திரும்பி நடந்து வந்தார். மூன்றரை மணி பஸ்ஸிலும் அப்படியே. நாலரை மணி பஸ்ஸுக்கு நிற்கும்போது பஸ் ஸ்டாண்டில் ஊரில் பாதி கூடிவிட்டது, ஏனென்றால் அவருக்கு நடப்பதுதான் நாளைக்குத் தங்கள் ஆட்களுக்கும் நடக்கும் என்று எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

ராஜமாணிக்கம் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். "தங்கச்சி, நீங்க என்னை அனுப்புறீங்க. ஆனா விட மாட்டேங்கறீங்க. வரணும் வரணும்னு சொல்லிச் சொல்லியே நூலைக் கட்டி அனுப்புறீங்க."

ஆவுடைச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. எட்டு நாளாக ஓர் அண்ணன் இருந்தார், பொய்யாக எழுதப்போய் மெய்யாக வாய்த்தவர், இந்தப் பழுப்புச் சட்டைக்காரர், சோற்றைப் பிசையும்போது சின்னப்பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொள்கிறவர். இவரை விடவேண்டும் என்றால் நிஜமாகவே விடவேண்டும். திரவியம் கேட்ட கேள்விக்கு நாலைந்து நாளாகக் கிடைக்காத பதில் அப்போது அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நின்றபடி அவளுக்குக் கிடைத்தது. உண்மையாகவே தேடினாலும், தேடச் சொல்லி அவர் கேட்கவில்லையே. அவர் மீசைக்கு ஒரு சொல் கேட்டு வந்தார், வாங்கிக்கொண்டார், போனார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கையைக் கூப்பினாள். அழாமல் சொல்லவேண்டும் என்று இருந்தது, கொஞ்சம் அழுகையோடுதான் வந்தது.

"அண்ணே, நீங்க வந்த வேலை முடிஞ்சிட்டு. நீங்க போங்க. திரும்பி வரணும்னு இல்ல. வராட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்ல."

பஸ் ஸ்டாண்டில் யாரோ ஐயய்யோ என்றார்கள். செல்லத்துரை தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஊர் தோன்றிய நாளில் இருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ராஜமாணிக்கமோ மலர்ந்து சிரித்தார், எழுந்தார், பையைத் தானே தூக்கிக்கொண்டார், திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினார். பஸ் முக்கு திரும்பியது. ஆவுடைச்செல்வி நெஞ்சுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தாள். அங்கே எதுவும் அழுத்தவில்லை, பசிதான் எடுத்தது. ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் கூட்டம் முக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலமே ஊரே திரண்டு ஆபீஸ் மாடிப்படி ஏறியது. ஆவுடைச்செல்வி பட்டியலைத் திறந்து, அவரவர் ஆளுக்கான போன் நம்பரை அவரவரிடம் கொடுத்தாள். அன்று மாலையும் மறுநாள் முழுவதும் மருதங்குளம் போனில் பேசியது. நீங்க போகலாம், வரணும்னு இல்ல, என்று சொல்ல முதலில் எல்லோருக்கும் நாக்கு புரளவில்லை. தலைமையாசிரியர் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் வாசித்தார். மறுமுனையில் விக்கல் நிற்பதை இந்த முனையில் கேட்க முடிந்தது. கேட்டவர்களுக்கு அது ஒரு தனி நிம்மதியாக இருந்தது, தங்களுக்கே மூச்சு திரும்பியதைப் போல.

எல்லோருமே போகச் சம்மதித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பென்னாகரம் செல்வராணி, செல்லத்துரை சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வேணாங்கண்ணா, இருக்கட்டும். எப்பயாச்சும் விக்கினா யாரோ நினைக்கிறாங்கன்னு இருக்குது. அது நல்லாத்தான் இருக்குது" என்றாள். அப்படி ஒரு நானூறு பேர் தேறினார்கள். அவர்களை விடவேண்டியதில்லை, அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்ட ஏக்கம் அது. செல்லத்துரைக்கு அதைச் சொல்லும்போது முகத்தில் தாங்கமுடியாத சந்தோஷம்.

வியாழக்கிழமை மத்தியானம் திரவியம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேரி ஜோஸ்பினுக்குப் பேசினார். டீச்சர் ஒன்பது நாளாக மாதா கோவிலில் வேதம் வாசிக்க முடியாமல், பீடத்தில் ஏறுவதும் விக்கிவிட்டு இறங்குவதுமாக இருந்திருக்கிறார். "தம்பி, நீ நல்ல பிள்ளைதான். ஆனா நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டார். திரவியம் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கண் சிவந்திருந்தது, கம்ப்யூட்டரில் அந்தக் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

ஆவுடைச்செல்வி வெள்ளிக்கிழமைக்கான மெயிலை எழுதி அவர் மேசையில் வைத்தாள். ஊர்ப் பேர் அதில் இல்லை. அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில், தமிழில் இருந்தது: 'வந்த வேலை முடிந்திருந்தால் இங்கே அமுக்குங்கள், இனி எழுதமாட்டோம். முடியவில்லை என்றால் கீழே படியுங்கள்.' கீழே சலூன் சொற்கள், மருந்துக்கடைச் சொற்கள், லாரி செட்டுச் சொற்கள் என்று என்னென்ன இருக்கின்றன என்பது மட்டும்.

"வாசலைக் கொண்டுவந்து முன்னாடியே வெச்சிருக்கிய டீச்சர். எல்லாரும் போயிருவாங்களே" என்றார் திரவியம்.

"போகட்டும் சார். முடிஞ்சவங்கதானே போவாங்க. இது முடியாதுன்னா வேற யாரையாவது வெச்சு எழுதிக்கிடுங்க. நான் எழுதமாட்டேன்."

திரவியம் பேனாவை எடுத்து, 'எழுதமாட்டோம்' என்பதற்கு முன்னால் 'சத்தியமாக' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, அனுப்பச் சொன்னார். முப்பதாயிரம் பேர் போனார்கள். இருந்தவர்கள் படித்தார்கள். கம்பெனி முன்னைவிடச் சின்னதாக, உரக்கடை மாடியிலேயே நடந்தது. லாரி செட்டுச் சொற்களைத் தொகுக்க ஆவுடைச்செல்வி இரண்டு நாள் சங்கரன்கோவில் ரோட்டில் போய் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சோறு மறுபடி இரண்டு ஆள் அளவுக்கு வெந்தது. துறையூரைப் பற்றி அவளுக்கு எந்த ஏக்கமும் இல்லை. எப்போதாவது நினைக்கலாம் என்று தோன்றினாலும், பாவம் கையில் கத்தி இருக்கும் என்று நினைப்பை வேறு பக்கமாகத் திருப்பிவிடுவாள். போனவர் போனவராகவே இருந்தார், ஒரு போன் இல்லை, ஒரு சேதி இல்லை. அதுதான் முறை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை வந்திருக்கலாம் என்று ஒருநாள் துணி காயப்போடும்போது தோன்றி மறைந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புருஷனும் அவளும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று புரை ஏறியது. இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு திணறி, சங்கரலிங்கம் எழுந்து வந்து அவள் உச்சந்தலையில் தட்டினான்.

"யாரோ உன்ன நினைக்காங்கட்டி."

"யாரு நினைக்கப் போறா?" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை எடுத்தவள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதரை. துறையூரில் இந்நேரம் பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கத்தரிக்கோல் மீசைப் பக்கம் வந்திருக்கும்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பதரைக்குச் சரியாகப் புரை ஏறியது. அதற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது இருபத்தைந்துக்கே, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.